மருத்துவமனைக்கும் சமையலறைக்கும் இடையில்: புற்றுநோய் வழிகாட்டுநர்களுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பில் என்ன பயிற்சி தேவை?

கேள்வி

புற்றுநோய் என்று உறுதியான நாளிலிருந்து ஒருவருக்கு இரண்டு திசைகளிலிருந்து ஆலோசனை வரத் தொடங்குகிறது. மருத்துவமனை சொல்வது ஒன்று: பயாப்ஸி, ஸ்கேன், அறுவை, கீமோ, ‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு. உறவினரும் பக்கத்து வீட்டாரும் வாட்ஸ்அப் குழுக்களும் சொல்வது மற்றொன்று: முள்ளுச்சீத்தா இலைக் கசாயம், மஞ்சள் மாத்திரை, சீந்தில் சாறு, யாரோ வாங்கிவந்த பெயரில்லாத பொடி. முதலாவதை விளக்க மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என்று பலர் இருக்கிறார்கள். இரண்டாவதைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்று பெரும்பாலும் ஒருவரும் இல்லை.

இந்த இடைவெளியில்தான் புற்றுநோய் வழிகாட்டுநர் என்ற புதிய பணியாளரைப் பற்றிய விவாதம் நுழைகிறது. சோதனைக்கு எங்கே போவது, காப்பீட்டுக்கு எந்தத் தாள் வேண்டும், தவறிப்போன தேதியை எப்படி மாற்றுவது என்று நோயாளியின் கூடவே நின்று தடைகளை அகற்றுபவர் அவர். அமெரிக்காவில் இவர்களுக்கு யோகா, தியானம், அக்குபங்சர், உணவு, மூலிகை ஆகியவற்றை உள்ளடக்கிய ஒருங்கிணைந்த பராமரிப்பிலும் பயிற்சி தர வேண்டும் என்ற கருத்து வலுத்துவருகிறது. வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித் சென்டர் ஃபார் ஹீலிங் அண்ட் தி ஆர்ட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் இதற்கெனவே வகுப்புகள் நடத்தியிருக்கிறது. இந்தியாவிலும் வழிகாட்டுநர் பயிற்சி தொடங்கிவிட்டது. பாரம்பரிய மருத்துவ முறைகளுக்கான ஆயுஷ் துறையின் செல்வாக்கும் இங்கே பெரிது. ஆகவே இக்கேள்வி நம் வாசலுக்கும் வரத்தான் போகிறது.

பயிற்சி வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் அது சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கும் பயிற்சியாக இருந்தால் தீங்கு விளைவிக்கும். நோயாளி வீட்டில் என்ன உட்கொள்கிறார் என்று அச்சமூட்டாமல் கேட்டறிந்து, பதிவு செய்து, உரியவரிடம் சேர்க்கும் பயிற்சியாக அது அமைய வேண்டும்.

ஹார்லெமில் உருவான பணி

இப்பணியின் தோற்றத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். அது எதற்காகப் பிறந்தது என்பதை மறந்ததால்தான் இன்றைய குழப்பங்கள் பலவும் வருகின்றன. நியூயார்க்கின் ஹார்லெம் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஹாரல்ட் ஃப்ரீமன், ஏழைகளான கறுப்பின மக்கள் மிகவும் முற்றிய நிலையில் வருவதைப் பல ஆண்டுகள் கண்டவர். 1964 முதல் 1986 வரை அங்கே சிகிச்சை பெற்ற 606 மார்பகப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் வந்திருந்தார்கள். முதல் கட்டத்தில் வந்தவர்கள் வெறும் 6 விழுக்காடு. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 39 விழுக்காடு.

ஃப்ரீமன் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது ஏழு நகரங்களில் ஏழை நோயாளிகளை நேரில் பேசவைத்துக் கேட்டார்கள். 1989இல் அது அறிக்கையாக வந்தது. பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையே ஏழைகள் ஒவ்வொரு படியிலும் தடுக்கப்படுகிறார்கள் என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டு, 1990இல், ஹார்லெமில் முதல் வழிகாட்டுநர் திட்டம் தொடங்கியது. 1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனைக்கு வந்த 325 நோயாளிகளில் முற்றிய நிலையினர் 21 விழுக்காடாகக் குறைந்தனர். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70 விழுக்காடாக உயர்ந்தது.

இந்த எண்களை வழிகாட்டுநர்களின் சாதனையாக மட்டும் காட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. அதே காலத்தில் அங்கே ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் மார்பகப் பரிசோதனை கிடைக்கத் தொடங்கியது, மருந்துகளும் மேம்பட்டன. நோயை முன்கூட்டியே கண்டுபிடித்தால் உயிர்வாழும் காலம் கணக்கில் நீண்டு தெரிவதும் உண்டு. பின்னர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் பல மையங்களில் நடந்து, 2014இல் வெளியான ஆய்வு இன்னும் நிதானமான படத்தைத் தருகிறது. சந்தேகத்துக்குரிய பரிசோதனை முடிவு வந்த முதல் 90 நாட்களில் வழிகாட்டுநர் இருந்ததால் பெரிய வேறுபாடு இல்லை. 90 நாளைத் தாண்டியவர்களிடம்தான் பயன் தெளிவாகத் தெரிந்தது. தானாகவே போய்ச் சேரக்கூடியவர்களுக்கு வழிகாட்டுநர் பெரிதாகத் தேவைப்படவில்லை. தடுக்கி நின்றவர்களுக்கே அவர் தேவைப்பட்டார்.

ஃப்ரீமன் பின்னாளில் வகுத்த கொள்கைகளில் இரண்டு நம் விவாதத்துக்கு அடித்தளம். உரிய காலத்தில் சிகிச்சை கிடைப்பதற்கான தடைகளை நீக்குவதே வழிகாட்டுநரின் மையப்பணி. அவருடைய பணி எல்லை மற்ற மருத்துவப் பணியாளர்களின் எல்லையிலிருந்து தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்தப் புதிய பயிற்சியையும் இவ்விரண்டையும் கொண்டே உரசிப் பார்க்க வேண்டும்.

எது ஒருங்கிணைந்த பராமரிப்பு?

ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கம் 2003இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2017இல் வெளியான, இன்று பரவலாக ஏற்கப்பட்ட வரையறைப்படி, மனம்–உடல் பயிற்சிகள், இயற்கைப் பொருட்கள், வாழ்க்கைமுறை மாற்றங்கள் ஆகியவற்றை வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்த்து, சான்றின் அடிப்படையில், நோயாளியை மையமாக வைத்து அளிப்பதே ஒருங்கிணைந்த பராமரிப்பு. கீமோவை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்வது இதற்குள் வராது.

இந்த வரையறை இந்தியாவுக்கு வரும்போது ஒரு நழுவல் நடக்கிறது. அமெரிக்காவில் இதன் கீழ் சேர்ந்த சான்றுகள் பெரும்பாலும் யோகா, அக்குபங்சர், தியானம், மசாஜ், இசை, உடற்பயிற்சி ஆகியவை பற்றியவை. நம்மிடம் அதே பெயரால் முன்வைக்கப்படுபவை பெரும்பாலும் உட்கொள்ளும் மருந்துகள்: லேகியம், சூரணம், மெழுகு, பற்பம். மூச்சுப் பயிற்சி பதற்றத்தைக் குறைக்கிறது என்ற சான்று, பாதரசம் சேர்ந்த ரசகந்தி மெழுகுக்குச் சான்றாகாது. அந்த மருந்தைத் தனியே ஆராய வேண்டும். ஆராய்ந்தபின் ஏற்கவோ தள்ளவோ வேண்டும். இதைச் சொல்வது சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துவதாகாது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் வந்தன; குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் வின்கிரிஸ்டின் இன்றும் இன்றியமையாத மருந்து. ஆனால் பிரித்தெடுத்து, அளவு கண்டு, சோதித்துத்தான் அது மருந்தாயிற்று. நித்தியகல்யாணி இலையை மென்று தின்றவருக்கு அந்தப் பயன் கிடைக்காது, நஞ்சுதான் கிடைக்கும்.

சான்றுகள் எதைச் சொல்கின்றன?

பயன் பற்றிய சான்றுகளை முதலில் பார்க்கலாம். மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய ஹார்மோன் மாத்திரைகளில் அரோமட்டேஸ் தடுப்பான்கள் என்னும் வகை, பல பெண்களுக்குக் கடுமையான மூட்டுவலியைத் தருகிறது. வலி தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 226 பெண்களை உண்மையான அக்குபங்சர், போலி அக்குபங்சர், காத்திருப்பு என மூன்றாகப் பிரித்தார்கள். ஆறு வாரத்தில் பத்துக்கு இரண்டு புள்ளி அளவு வலி குறைந்தது முதல் குழுவில். மற்ற இரண்டிலும் ஏறக்குறைய ஒரு புள்ளி. வேறுபாடு சிறியதுதான், ஆய்வாளர்களே அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனாலும் ஒரு பெண் ஐந்தாண்டு மாத்திரையை விடாமல் எடுக்க அந்தச் சிறு குறைவு உதவுமானால் அது சிகிச்சைக்கே உதவி. 410 பேரை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், நான்கு வார யோகா, புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர்களின் தூக்கத்தை மேம்படுத்தியது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து 2022இல் வலிக்கும், 2023இல் பதற்றம், மனச்சோர்வுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. இவை யாவும் துன்பத்தைத் தணிப்பவை. கட்டியைக் கரைப்பதாக அந்த நெறிகள் எங்கும் சொல்வதில்லை.

தீங்கு பற்றிய சான்றுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை, 2018இல் அமெரிக்கப் புற்றுநோய்த் தரவுத் தொகுப்பிலிருந்து வந்த இரண்டு ஆய்வுகள். வழக்கமான சிகிச்சையை முற்றிலும் தவிர்த்து மாற்றுமுறையை மட்டும் நாடியவர்களுக்கு இறக்கும் அபாயம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று ஒன்று காட்டியது. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். மற்றொன்று, சிகிச்சையோடு மாற்றுமுறைகளையும் துணையாகச் சேர்த்தவர்களைப் பற்றியது. அவர்களுக்கும் அபாயம் இரு மடங்கு. இந்த இரண்டாவது ஆய்வைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். துணைமுறைகளை நாடியவர்களில் 34 விழுக்காட்டினர் கீமோவை மறுத்திருந்தார்கள், 53 விழுக்காட்டினர் கதிர்வீச்சை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் இது முறையே 3, 2 விழுக்காடு. மறுப்பையும் தாமதத்தையும் கணக்கில் சேர்த்தவுடன் கூடுதல் அபாயம் புள்ளியியல்படி மறைந்துவிட்டது.

இந்த ஆய்வுக்குக் குறைகள் உண்டு. தரவுத் தொகுப்பில் ‘மருத்துவப் பணியாளர் அல்லாதோர் அளித்த நிறுவப்படாத சிகிச்சைகள்’ என்று குறிக்கப்பட்டவர்கள் மட்டுமே இதில் இருக்கிறார்கள். காலையில் யோகா செய்பவரோ மஞ்சள்பால் குடிப்பவரோ இதில் பதிவாவதில்லை. ஆகவே ‘துணைமுறை எதுவாயினும் உயிருக்கு ஆபத்து’ என்று இதைக்கொண்டு சொல்வது மிகை. ஆனால் ஒன்றை இது வலுவாக உணர்த்துகிறது: கசாயத்தைவிட, கசாயத்தை நம்பிக் கைவிட்ட ஊசியே கொன்றிருக்கிறது. சிகிச்சையில் தாமதம், மறுப்பு ஆகியவற்றைக் கண்டறிவது யாருடைய வேலை? ஃப்ரீமன் வழிகாட்டுநருக்கு வகுத்த வேலையே அதுதான். ஒருங்கிணைந்த பராமரிப்பைப் பற்றிய அறிவு அவருக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

நேரடியான ஊறும் உண்டு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகை, இரினோட்டிகன் என்ற கீமோ மருந்தின் செயல்படு பொருளை உடலில் 42 விழுக்காடு குறைத்துவிடுகிறது என்று 2002இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். நம்மூரில் அந்தச் செடி புழக்கத்தில் இல்லை. சீந்தில் இருக்கிறது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைக் குடித்தவர்களிடம் கல்லீரல் அழற்சி கண்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடுத்த ஆண்டு பல மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு மீண்டும் அதையே சொன்னது. கீமோ மருந்துகள் பலவும் கல்லீரல் வழியாகவே வெளியேறுகின்றன. சீந்தில் குடிப்பது தெரியாத மருத்துவர், கல்லீரல் அளவுகள் ஏறினால் கீமோவின் அளவையே குறைப்பார். இப்படிப் பேசப்படாத ஒரு டம்ளர் சாறு சிகிச்சையையே திசைமாற்றும்.

சொல்லாமல் விடுவது

18 நாடுகளில் நடந்த 152 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கட்டுரை, புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் ஏதோ ஒரு துணைமுறையை நாடுகிறார்கள் என்றது. அதே ஆண்டு வெளியான மற்றொரு தொகுப்பாய்வின்படி, அவர்களில் 20 முதல் 77 விழுக்காட்டினர் அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. மருத்துவர் கேட்கவில்லை. சொன்னால் திட்டுவார் அல்லது அலட்சியப்படுத்துவார் என்ற எண்ணம். சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

முதலிரண்டு காரணங்களும் மருத்துவமனையின் பக்கத்துக் குறைகள். நோயாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றாவது நமக்கு மிகப் பொருந்தும். கசாயத்தை மருந்தாகவே பலர் எண்ணுவதில்லை. ‘வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்ற கேள்விக்கு அவர்கள் ‘இல்லை’ என்று சொல்வது பொய்யும் அல்ல.

டெல்லி வட்டாரத்துப் புற்றுநோய் மருத்துவர்களைப் பேட்டிகண்டு அலெக்ஸ் ப்ரூம், அசா டோரன், ஃபிலிப் டோவி ஆகியோர் 2009இல் எழுதிய ஆய்வு வேறொரு கோணத்தைத் தருகிறது. இந்தியாவில் பல மருத்துவ முறைகள் அருகருகே இருப்பதைச் செழுமையான தேர்வுச் சுதந்திரம் என்று கொண்டாடுவது எளிது. ஆனால் அந்தத் தேர்வுக்குப் பின்னால் பணமின்மை, எழுத்தறிவு, தொலைவு ஆகிய ஏற்றத்தாழ்வுகள் இருக்கின்றன என்கிறார்கள் அவர்கள். ஒருவர் பாரம்பரியத்தை விரும்பியா போனார், பேருந்துக் காசு இல்லாமலா போனார் என்று கேட்காமல் அவர் ‘நம்பிக்கை’யைப் பற்றிப் பேசுவது அநீதி. இரண்டாவது வகையினரிடம் மூலிகையின் ஆபத்தைப் பற்றி மணிக்கணக்கில் விளக்குவதைவிட, பயணச் செலவுக்கும் தங்கும் இடத்துக்கும் வழிசெய்வதே அவர்களை மீண்டும் சிகிச்சைக்குக் கொண்டுவரும்.

தமிழ்நாட்டு நிலவரம்

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ‘கேவட்’ என்ற பெயரில் வழிகாட்டுநர் பயிற்சியைத் தொடங்கி, டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து ஓராண்டுப் பட்டயப் படிப்பாக நடத்துகிறது. கங்கையைக் கடக்க இராமனுக்கு உதவிய ஓடக்காரனின் பெயர் அது. இந்தியாவில் இப்பணியைத் தனித் தொழிலாக வகுத்த முக்கிய முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் இல்லாவிட்டாலும் அந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள்: மருத்துவ சமூகப் பணியாளர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்காக மருத்துவமனைகளில் இருப்பவர்கள், வலிதணிப்புச் செவிலியர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். மருத்துவமனைக்குள் இருப்பவருக்கு நோயாளியின் கோப்புதான் தெரியும். இந்தப் பெண்களுக்கு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது தெரியும். அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே சித்த மருத்துவப் பிரிவுகளும் இயங்குகின்றன. பட்டம் பெற்ற சித்த மருத்துவரை அதே வளாகத்தில் கலந்துபேச முடியும் என்பது ஹார்லெமுக்குக் கிட்டாத வசதி.

நம் பயிற்சிக்கு அமெரிக்கப் பாடத்திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்தால் விடுபட்டுப்போகும் விஷயங்களில் முதன்மையானது பத்தியம். நாட்டு மருந்தோடு பத்தியமும் சேர்ந்தே வருகிறது: மீன் கூடாது, முட்டை கூடாது, கோழி சூடு, கத்தரிக்காய் கரப்பான், புளி ஆகாது. மருந்து எதுவும் உட்கொள்ளாதவர் வீட்டிலும், கட்டி என்று தெரிந்ததும் ‘சூடு’, ‘குளிர்ச்சி’ கணக்குப் பார்த்து உணவு குறைகிறது. கீமோவில் ஏற்கெனவே பசியில்லாமல், வாய்ப்புண்ணோடு, எடை குறைந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தட்டிலிருந்து முட்டையும் மீனும் எடுக்கப்பட்டால் அவர் புரதத்துக்கு எங்கே போவார்? உடல் தளர்ந்தால் அடுத்த ஊசி தள்ளிப்போகும். மூலிகையின் வேதியியலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பட்டினியைப் பார்ப்பதில்லை. என் பார்வையில், பல வீடுகளில் பொடியைவிடப் பத்தியமே பெரிய சேதம் செய்யக்கூடியது.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

கேட்கும் முறைக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ‘நாட்டு மருந்து சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் நோயாளி எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். ‘அம்மா, டாக்டர் குடுத்ததைத் தவிர, வீட்டுல தெம்புக்குன்னு ஏதாவது காய்ச்சிக் குடுக்கிறாங்களா? சாப்பாட்டுல எதையாவது நிறுத்தியிருக்கீங்களா?’ என்று கேட்டால் கதை வரும். கூட வந்த மகளிடமோ அண்ணியிடமோ தனியே கேட்பதும் பயிற்சியின் பகுதி. பெரும்பாலும் காய்ச்சுபவர் அவரே. ஒருமுறை கேட்டால் போதாது. கட்டி திரும்பிவந்தது என்று தெரிந்த பிறகும், முடி கொட்டத் தொடங்கியதும், கீமோவின் இடைவெளி வாரங்களிலும் கேட்க வேண்டும். ஆட்கள் தடம் மாறுவது அப்போதுதான்.

கேட்டதைப் பதிவது அடுத்தது. பொருளின் பெயர், தந்தவர் யார், லேபிள் உண்டா, எவ்வளவு, எப்போதிலிருந்து, எதை நம்பி. கடைசிக் கேள்வி மிக முக்கியம். தூக்கம் வரும் என்று நம்பிக் குடிப்பவரும், அறுவை வேண்டியிருக்காது என்று நம்பிக் குடிப்பவரும் ஒரே கசாயத்தைக் குடிக்கலாம். இரண்டாமவரைத்தான் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.

வழிகாட்டுநர் தாமாகச் சொல்லக்கூடியவை, சொல்லக்கூடாதவை என்ற கோடும் தெளிவாக வேண்டும். மூச்சுப் பயிற்சி, மெல்லிய நடை, கூட்டாகப் பாடுவது, தூக்க ஒழுங்கு ஆகியவற்றுக்கு அவர் வழிகாட்டலாம். உட்கொள்ளும் எதையும் ‘எடுங்கள்’ என்றோ ‘பரவாயில்லை’ என்றோ அவர் சொல்லக்கூடாது. அது மருந்தாளுநர், மருத்துவர், பதிவுபெற்ற சித்த மருத்துவர் ஆகியோர் கூடிப் பார்க்க வேண்டியது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சைச் சாறுகளும், தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது ஊசி குத்தும் சிகிச்சைகளும் ஆபத்து என்பது போன்ற அபாய அறிகுறிகளை அவர் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். எதையும் விற்கவோ, தரகு பெறவோ அவருக்கு முழுத் தடை வேண்டும்.

எதிர்வாதங்கள்

மருத்துவமனைப் பணியாளர் ஒருவர் துணைமுறைகளைப் பற்றிப் பேசுவதே அவற்றுக்கு அங்கீகாரம் தந்துவிடும் என்பது முதல் எதிர்ப்பு. இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தம் மனைவியின் முற்றிய புற்றுநோய் குணமானதில் வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை சேர்ந்த உணவுமுறைக்குப் பங்கு உண்டு என்று பேசியபோது, டாட்டா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அறிக்கை தேவையானது. ஆனால் அறிக்கை செய்தித்தாளோடு நின்றுவிடும்; அவர் பேசிய காணொளி அத்தையின் கைப்பேசிக்கு வந்து, அத்தை வழியாக நோயாளியிடம் வருகிறது. அந்த வீட்டுக்குப் போய்ப் பேசக்கூடியவர் ஒருவர் இருந்தால்தான் அறிக்கை முழுமை பெறும். மௌனம் அங்கீகாரத்தைத் தடுப்பதில்லை, தகவலைத்தான் தடுக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பை எளிதில் தள்ள முடியாது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமெரிக்காவில் வசதியுள்ளவர்களின் நுகர்வாக வளர்ந்தது. 2012இல் மட்டும் அமெரிக்கர்கள் துணை மருத்துவ முறைகளுக்காகத் தம் கையிலிருந்து செலவிட்டது 3,020 கோடி டாலர். வழிகாட்டுநர் பணியோ ஏழைகளுக்காகப் பிறந்தது. முதலாவதை இரண்டாவதன் தோளில் ஏற்றினால், காப்பீட்டுத் தாளுக்கு அலைய வேண்டிய நேரத்தில் வழிகாட்டுநர் நறுமண எண்ணெய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இதை நான் உண்மையான ஆபத்தாகவே பார்க்கிறேன். 2024 ஜனவரி முதல் அமெரிக்க மெடிகேர் காப்பீடு வழிகாட்டல் பணிக்குக் கட்டணம் வழங்கத் தொடங்கியது. பணம் வருமிடத்தில் பயிற்சிச் சந்தையும் வரும். நம் நாட்டில் இப்பயிற்சி எந்த மருத்துவ முறையின் விளம்பரத் துறையிடமும், மூலிகை நிறுவனங்களின் நன்கொடையிடமும் போகாமல், புற்றுநோய் மையங்களின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருக்கிறது. பயிற்சி என்ற பெயரில் அது பின்வாசல் வழியாக நுழைய விடக்கூடாது.

அரசும் புற்றுநோய் மையங்களும் புதிய பட்டயப் படிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நோயாளிக் கோப்பில் ‘வீட்டில் உட்கொள்பவை, நிறுத்திய உணவுகள்’ என்று ஒரு பத்தியை இப்போதே சேர்க்கலாம். அதை நிரப்பும் சமூகப் பணியாளருக்கும், செவிலியருக்கும், வீடு தேடிப் போகும் தன்னார்வலருக்கும் கேட்கும் முறையைக் கற்றுத்தர வேண்டும். நிரப்பிய தாளை ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் மருத்துவர் படித்துக் கையெழுத்திட வேண்டும்.